மூச்சக்கா

அக்காவிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. மணி என்ன என்று கேட்டால்கூட முதலில் மூச்சை உள்ளே இழுப்பாள், நிதானமாக வெளியே விடுவாள், அப்புறம்தான் கைக்கடிகாரத்தையே பார்ப்பாள். "நீ சொல்றதுக்குள்ள பஸ்ஸு பூடும்க்கா" என்று யாராவது கிண்டல் செய்தால், அதற்கும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் சிரிப்பாள். அப்படித்தான் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மரியாதையால் என்று நினைக்க வேண்டாம், கோபத்தால்தான்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, உப்பைக் கழுவி அயோடின் கலந்து பாக்கெட் போடுகிற ஷெட் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். பாக்கெட்டின் வாயை ஒட்டுகிற மிஷினில் இருக்கிறேன். முதலாளியின் மருமகள் படித்த பெண். எங்களுக்குள் எந்நேரமும் சண்டையும் தலைவலியுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பொம்பளைகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கட்டும் என்று அக்காவைக் கூட்டிவந்தாள். வேலை முடிந்ததும் ஷெட்டுக்கு வெளியே சிமெண்ட் களத்தில் வகுப்பு.

"நமக்கு இன்னாடி டென்ஷன்? இதெல்லாம் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு" என்றாள் ஒருத்தி.

"வூட்டுக்குப் போனாதான்டி டென்ஷன். இங்க உக்கார்றது எவ்வளவோ தேவல" என்றாள் இன்னொருத்தி.

அந்தக் காரணத்துக்காகவே முதல் நாள் எல்லோரும் உட்கார்ந்தோம். பாதிப்பேர் தூங்கிவிட்டோம். குறட்டை விட்டவளை அக்கா எழுப்பவில்லை. "தூக்கம் வந்தா தூங்கு. ஒடம்பு கேக்குறதைக் குடு" என்றாள். எங்களிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அக்கா காவி கட்டிய ஆள் இல்லை. சாதாரண நைலக்ஸ் புடவை, பழைய ஸ்கூட்டி, தோளில் ஒரு துணிப்பை. ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள். அங்கே தங்க வருகிறவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்திருக்கிறாள். "இவங்களுக்குக் காசு இருக்குது, கார் இருக்குது, அப்புறம் எதை இழந்துட்டுத் தேடுறாங்கன்னு எனக்கு ஒரே யோசனை. நானும் நின்ன எடத்துலயே கண்ணை மூடிப் பார்த்தேன். அன்னிக்குத்தான்டி எனக்கு என் சத்தமே கேட்டுச்சு" என்பாள். அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்கு அலுக்காது.

எங்கள் பாஷையில் பேசத் தெரிந்தவள். "பாத்தியில தண்ணிய உட்டுட்டு இன்னா பண்றீங்க? போட்டுக் கலக்கிக்கினே இருந்தா உப்பு படியுமா? சும்மா உடுங்க. மனசையும் அப்படித்தான்" என்பாள். கண்ணை மூடினால் கடன்காரன் முகம்தான் வருகிறது என்று ஒருத்தி அழுதபோது, "வரட்டும். வா, உக்காருன்னு சொல்லு. டீ மட்டும் குடுக்காதே" என்றாள். அழுதவளே சிரித்துவிட்டாள்.

வரப்பு நடை என்று ஒன்று வைத்திருந்தாள். இரண்டு பாத்திகளுக்கு நடுவே போகிற மண் வரப்பில் செருப்பில்லாமல் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். குதிகால் முதலில், அப்புறம் பாதம், அப்புறம் விரல். அடுத்த அடியைப் பற்றி நினைக்கக் கூடாது. நினைத்தால் கால் வழுக்கி உப்புத் தண்ணீரில் இறங்கிவிடும், காலில் வெடிப்பு இருந்தால் உயிர் போகிற எரிச்சல். எதிர்ப்பக்கம் உப்பு வாருகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். "இன்னாம்மா, பொணம் தூக்கிக்கினு போறா மாதிரி போறீங்க?" என்று ஒரு பெரியவர் கத்தினார். அக்கா நின்று, மூச்சு விட்டு, "உசுரைத் தூக்கிக்கினு போறோம்ணே" என்றாள். அடுத்த வாரம் அந்தப் பெரியவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றுவிட்டார்.

கோடையில் ஒருநாள் பேய் மழை. களத்தில் உப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது, மூடவில்லை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். காற்றில் பாய் எங்களையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், ஒருத்தி கீழே விழுந்துவிட்டாள். வகுப்பெடுக்க வந்திருந்த அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "நில்லுங்க. எல்லாரும் ஒரு மூச்சு விடுங்க. இப்ப மூலையப் பிடிங்க" என்றாள். உப்பு கரைந்துகொண்டிருக்கும்போது நின்று மூச்சு விடுவதா என்று மேஸ்திரிக்குக் கண் சிவந்துவிட்டது. ஆனால் நாங்கள் நின்றோம், விட்டோம், பிடித்தோம். பாய் சொன்னபடி கேட்டது. அன்றைக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

இவ்வளவையும் சொல்லக் காரணம், அவள் போலி இல்லை. போலியாக இருந்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகள். அவளைத் திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்த வருஷம் எனக்கு அது ஆரம்பித்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இதோ ஏதோ நடக்கப்போகிறது என்றே இருக்கும். இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனசு சம்பந்தப்பட்டது, அதற்கு வைத்தியம் பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவர்தான் யோசித்து, உள்ளூர் வேண்டாம், பாண்டிச்சேரி போய்விடலாம் என்றார். எல்லை தாண்டிவிட்டால் நம்ம ஆள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் கணக்கு. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வாசலில் போய் நின்றால், அதே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்த எங்கள் கடற்கரை ஜனம் பாதி அங்கே முக்காடும் மாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்ததும் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் படிக்க ஆரம்பித்துவிடுவோம். ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். எழுதாத சட்டம் அது.

மாத்திரை போட்டேன், சரியானேன். தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. அப்போதுதான் மகள் உண்டானாள். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுப் பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பேறுகாலம் பார்த்து, பத்தியம் வைத்து, குழந்தையோடு அனுப்ப வேண்டும். பெண்ணைப் பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய உரிமை என்ன இருக்கிறது? சம்பந்தி வீட்டார் வருவார்கள், போவார்கள். அலமாரியில் இந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு அந்த ஒரு பயம்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஷெட்டில் யாருக்கும் தெரியாததை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், விட்டாள்.

"மாத்திரைய உட்டுடு."

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாருக்கா."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. என்னைப் பாரு. எனக்கு வராத கஷ்டமா? நான் எதுனா முழுங்குறேனா? காலையில மூச்சு, சாயங்காலம் நடை. அவ்ளோதான்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முகம் மூச்சினாலேயே இப்படி ஆகியிருக்கிறது என்றால் எனக்கும் ஆகாமலா போகும் என்று நினைத்தேன். மாத்திரைகளைப் பாத்தியில் வீசிவிடலாம் என்று கொண்டுபோய், யார் வீட்டு உப்பில் கலக்குமோ என்று பயந்து, திரும்பக் கொண்டுவந்து குப்பையோடு எரித்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. எனக்கே பெருமை. வளைகாப்பு நல்லபடியாக நடந்தது, மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து சில நாளில் பழையபடி ஆரம்பித்தது, முன்னைவிட மோசமாக. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கும். "இன்னாம்மா?" என்பாள். "பசிடி" என்பேன். அக்கா சொன்ன மூச்சை எல்லாம் விட்டுப் பார்த்தேன். வரப்பில் நடந்து பார்த்தேன், நாலு தடவை தண்ணீரில் விழுந்ததுதான் மிச்சம். "நீ முழுசா நம்பி செய்யலடி, அதான்" என்றாள் அக்கா. நானும் என்மேல்தான் குறை என்று நம்பினேன்.

தாங்க முடியாமல், குழந்தைக்குத் துணி வாங்கப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில் நர்ஸம்மா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "இன்னாம்மா, இந்தத் தடவை லேட்டு? பழைய ஆளுங்களே இப்படிப் பண்ணா எப்படி?" என்று உரிமையோடு கடிந்துகொண்டாள். முக்காடு போட்ட ஒரு பெண் எழுந்து போய், மாத்திரைகளை வாங்கித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். அந்தப் பையை எனக்குத் தெரியும்.

மாதம் ஒருமுறை அக்கா வகுப்புக்கு வர மாட்டாள், ஆரோவில் விடுதியில் தியான மீட்டிங் என்பாள். அந்த மீட்டிங் இதுதான்.

"அக்கா" என்றேன்.

"நீ இன்னா இங்க?" என்றாள். மூச்சே விடாமல், வெடுக்கென்று. அவள் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். அவள் நெற்றியெல்லாம் வேர்வை. அவளாகவே பேசினாள். "ரொம்ப வருஷமா இருக்குதுடி. இது இல்லன்னா என்னால எழுந்திருக்கவே முடியாது. வெளிய தெரிஞ்சா எவ வந்து என் முன்னாடி கண்ணை மூடுவா? யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள்.

"என்னை ஏன்க்கா நிறுத்தச் சொன்ன?"

என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் என்னைப் போல ஒருத்தி, அதே பயம், அதே முக்காடு. அந்த வாசலின் சட்டம் எனக்கும் தெரியும். "சொல்ல மாட்டேன்க்கா, போ" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். உள்ளே டாக்டர், "மூச்சுப் பயிற்சி நல்லதுதாம்மா, தாராளமா செய்ங்க. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டபோதுகூட அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன் என்று திட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுபடி மாத்திரை ஆரம்பித்ததில் உடம்பு ஒரே அசதி. ஷெட்டுக்கு லீவு போட்டேன். அந்த வாரக் கடைசியில் சம்பந்தியம்மா காரில் வந்து இறங்கினார், மாப்பிள்ளையும் கூட. நான் காபி போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பொண்ண நாங்களே கூட்டிக்கினு போயி பார்த்துக்கிறோம். நீங்க மொதல்ல உங்க ஒடம்பைப் பாருங்க" என்றார் சம்பந்தியம்மா.

"எனக்கு இன்னாங்க? நல்லாத்தானே இருக்கிறேன்."

"எங்க தம்பி பொண்டாட்டி உங்க ஷெட்லதானே வேலை செய்யுது? அது சொல்லிச்சு. உங்களுக்கு மனசு சரியில்ல, பாண்டியில வைத்தியம் நடக்குதுன்னு தியான டீச்சரம்மா சொன்னாங்களாம். எல்லாரும் கண்ணை மூடி உங்களுக்காக வேண்டிக்கிட்டாங்களாம். அதுவும் பாவம், அழுதுக்கினே சொல்லிச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பின் முடிவில் அக்கா அப்படி ஒன்று செய்வாள். யாருக்காவது கஷ்டம் என்றால், அவர்கள் முகத்தை நினைத்துக்கொண்டு எல்லோரும் அமைதியாக நல்ல எண்ணத்தை அனுப்ப வேண்டும். அன்றைக்கு என் முகம். நான் இல்லாத நேரத்தில், என் நோயைச் சொல்லி, இத்தனை பேரையும் கண்ணை மூடவைத்து, என் பெயரை அவர்கள் காதில் போட்டுவிட்டாள். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் மனசார எனக்கு நல்லதைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நான் வரமாட்டேன்" என்று மகள் கத்தினாள். "நீ சொல்லும்மா" என்று என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல? மாத்திரை அட்டை என் இடுப்பில் சொருகியிருந்தது. வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளையை அழவைக்க வேண்டாம் என்று, "போடி, ரெண்டு எடமும் ஒண்ணுதான்" என்று நானே பையை எடுத்துக் காரில் வைத்தேன்.

நேரே உப்பளத்துக்குப் போனேன். அக்கா தனியாக வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். குதிகால், பாதம், விரல். என்னைப் பார்த்ததும் நின்றாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். பழைய ஆளாகியிருந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் எல்லாரையும் வேண்டிக்கச் சொன்னேன்" என்றாள்.

"எனக்கில்ல, உன் நல்லதுக்குன்னு சொல்லு. எம்பொண்ண கார்ல ஏத்திக்கினு போயிட்டாங்க."

அவள் முகம் ஒரு கணம் ஆடியது. "நீ முந்திக்குவியோன்னு பயந்துட்டேன்டி. நீ சொல்லிட்டா எனக்கு இன்னா இருக்குது? நீதான் பைத்தியம்னு ஆயிட்டா, அப்புறம் நீ எதைச் சொன்னாலும்..."

"நான்தான் சொல்ல மாட்டேன்னேனே."

"பயம் வந்தா அதெல்லாம் எங்கடி தெரியுது?"

பயம் வந்தால் ஓடாதே, அடிக்காதே, பக்கத்தில் உட்காரவைத்துப் பார் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்ன வாய் அது. இவளைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளலாமா என்றுகூட இருந்தது. தள்ளவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அவளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. பாண்டி கேஸு உளறுகிறது என்பார்கள். வகுப்பு இப்போதும் நடக்கிறது, நான் போவதில்லை. ஆனால் அவள் சொல்லிக்கொடுத்த மூச்சை வீட்டில் உட்கார்ந்து விடத்தான் செய்கிறேன், மாத்திரையும் போட்டுக்கொண்டு. ரெண்டுக்கும் சேர்த்து உடம்பு நன்றாகவே கேட்கிறது. ரெண்டும் வேண்டும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும், எனக்குச் சொல்லவில்லை என்பதை நினைக்கும்போதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் கண்ணை மூடினால் இன்னும் அவள் குரல்தான் "இழு, விடு" என்கிறது. அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

மகளுக்கு ஆண் குழந்தை. திண்டிவனத்தில் பிறந்தது. நானும் வீட்டுக்காரரும் போனோம். பத்தியச் சோறு வடிக்க வேண்டியவளுக்கு விருந்தாளி போல நாற்காலி போட்டு, தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை, எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். மகள் கட்டிலில் இருந்து, "அத்த, எங்கம்மாகிட்ட குடுங்க" என்றாள். சம்பந்தியம்மா குழந்தையைத் தூக்கிவந்து என் இரண்டு கையிலும் வைத்தார். பூப்போல இருந்தான். என் கை நடுங்கவே இல்லை. ஆனால் சம்பந்தியம்மா குழந்தைக்கு அடியில் கொடுத்திருந்த தன் கையை எடுக்கவில்லை. இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் எடுக்கவே இல்லை.